கெர்டா சொன்ன ஒற்றை ஃபா

லெம்விக்
பிப்ரவரி, வியாழக்கிழமை

என் அன்பு மகன் யெப்பெவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே கிரீன்லாந்துப் பனியிலும் பாறையிலும் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே உன் அம்மா சுகம், என் மருமகள் சிக்னெ சுகம், உன் மகள் கெர்டா தேவைக்கு மேலேயே சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது, அதனால் விட்டுவிடுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை உன் மகள் திங்கட்கிழமை தரை துடைக்கிற வாளியில் போட்டுவிட்டாள். கைதவறி விழவில்லை, போட்டாள். வாளிக்கு மேலே நீட்டிப் பிடித்து, என் முகத்தை ஒரு தடவை பார்த்து, அப்புறம்தான் விரலை விரித்தாள். அது இப்போது அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. காய்ந்தால் சரியாகிவிடும் என்கிறாள் உன் அம்மா. என்னை எந்த டப்பாவில் காயப்போடுவது என்றுதான் தெரியவில்லை.

உன் மெயிலை சிக்னெ படித்துக் காட்டினாள். துறைமுக வேலைக்கு உன்னை இன்னும் அரை வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், சம்மதித்தால் ஈஸ்டருக்கு வர முடியாது, இலையுதிர்காலத்தில்தான் வரலாம், மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் எல்லாம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். உன் அம்மா, அது அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண வேண்டியது, நாம மூக்கை நுழைக்கக் கூடாது என்கிறாள். சிக்னெ, அவனுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யட்டும் என்கிறாள், அதையும் தண்ணீர்க் குழாயைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் நாகரிகம் கூடிப்போய்விட்டது. எனக்கு அது கிடையாது, நான் வாய்விட்டுச் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பொறு. முதலில் உன் மெயிலின் கடைசி வரிக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சிரமமா இருந்தா ஒரு போர்வையை விரிச்சு அவளை அதுல விட்டுடச் சொல்லு, ரெண்டு பொம்மையைப் போட்டா அவ பாட்டுக்கு விளையாடிட்டு இருப்பா, அப்பா நிம்மதியா பேப்பர் படிக்கலாம் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை பயந்து அழுதுவிட்டாள்.

டேய், நீ ஆகஸ்டில் கிளம்பினபோது அவள் வைத்த இடத்தில் கிடந்தாள். இப்போது வைத்த இடத்தில் அவள் நிழல்கூடக் கிடையாது. போர்வையை விரித்து முடிப்பதற்குள் மாடிப்படியில் மூன்றாவது படியில் இருக்கிறாள். அங்கிருந்து தூக்கி வந்தால் விறகடுப்பு. அடுப்பைச் சுற்றி நான் கம்பி வேலி போட்டேன், அது அவளுக்கு எழுந்து நிற்கக் கைப்பிடியாகப் போயிற்று. பாத்திர டிராயருக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன், அதை அவள் திறந்துவிடுகிறாள், எனக்குத்தான் திறக்க வரவில்லை, காலையில் கரண்டி இல்லாமல் காப்பியைப் பென்சிலால் கலக்கிக் குடித்தேன். பேப்பரா கேட்டாய்? பேப்பரை அவள் தின்கிறாள். செவ்வாய்க்கிழமை மரண அறிவிப்புப் பக்கம் முழுவதையும் தின்றுவிட்டாள், ஊரில் யார் செத்தார்கள் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் நிறைய இருக்கும், கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் எழுந்தவன் உட்கார்ந்துவிடுவான். அதே பார்வையை இவளைப் பார்த்தேன். கைதட்டுகிறாள்.

இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற போடில் இருக்கிறாளே, அவள் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள், பாவம். நகராட்சியைக் கேட்டால் வேறு இடம் வசந்த காலத்தில் என்கிறார்கள், எந்த வருஷத்து வசந்தம் என்று சொல்லவில்லை. சிக்னெவுக்கு ஆஸ்பத்திரியில் விடிகாலை டியூட்டி, உன் அம்மாவுக்கு நூலகம். நீதான் சும்மா இருக்கியே என்றாள் உன் அம்மா. அந்தச் சும்மா என்கிற வார்த்தையை நான் மறக்க மாட்டேன். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது பிள்ளை ஆட்டமெல்லாம் ஆடி ஓய்ந்து என் மடியில் பூ மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஐயோ, தாத்தாவும் பேத்தியும் என்ன சுகமா இருக்கீங்க, பொறாமையா இருக்கு என்பாள். என் தலைமுடியில் ஈரல் பேஸ்ட் ஒட்டியிருக்கும், அது அவள் கண்ணுக்குத் தெரியாது. மத்தியானம் கறுப்பு ரொட்டியில் ஈரல் பேஸ்ட் தடவிக் கொடுத்தால் ரொட்டி நாய்க்கு, பேஸ்ட் எனக்கு, வெள்ளரிக்காய் சுவருக்கு, இப்படித்தான் பங்கீடு நடக்கிறது.

வெளியே கூட்டிப் போனால் அடங்குவாள் என்று நினைப்பாய். அந்தக் குளிர் உடுப்பு இருக்கிறதே, தலை முதல் கால் வரை ஒரே பையாக, அதற்குள் அவளைத் திணிப்பது உயிருள்ள விலாங்கு மீனைக் காலுறைக்குள் நுழைப்பது மாதிரி. ஒரு காலை உள்ளே விட்டால் மறு கால் வெளியே வரும். கடைசியில் கழுத்து வரை ஜிப்பை இழுத்து, தொப்பி கட்டி, கையுறை மாட்டி, நான் வியர்வையில் நனைந்து கதவைத் திறக்கும்போது அவள் முகம் சிவக்கும், ஒரு முக்கல், அவ்வளவுதான். திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நேற்று நான் அந்த நடையிலேயே பூட்ஸ்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை, ஆனால் அழுகைக்கு அதிக தூரமும் இல்லை.

மத்தியானத் தூக்கம் ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்தது. உன்னைப் போலவே இவளுக்கும் முகத்தில் காற்றுப் பட்டால்தான் கண் சொருகும், அதனால் நம் ஊர் வழக்கப்படி சமையலறை ஜன்னலுக்கு வெளியே தள்ளுவண்டியில் கனத்த மெத்தையோடு போட்டு, வாரைப் பூட்டி, நான் உள்ளே காப்பியோடு உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மேலே பேஸ்ட் பங்கீடு வரைக்கும் எழுதிவிட்டுத் தலை தூக்குகிறேன், எதிர் வீட்டு ஹோல்கர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ப்ரேபென், உங்க கப்பல் தலைவி மேல்தளத்துக்கு வந்துட்டாங்க என்று கத்துகிறான். வாரை எப்படியோ திருகிக்கொண்டு வண்டிக்குள் எழுந்து நிற்கிறாள்! வண்டியின் மேல்மூடியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் தொப்பி பறக்க, கடலைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். நான் காலுறையோடு பனியில் ஓடினேன். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஹோல்கர் சிரிக்கிறான், அடுத்த தேர்தல்ல நிக்க வைங்க என்கிறான். நாளைக்கு வார் மாற்ற வேண்டும், அது வரைக்கும் பக்கத்தில் நாற்காலி போட்டு வெளியிலேயே உட்கார வேண்டியதுதான். இந்த வயதில் பிப்ரவரிக் காற்றில் ஒரு தள்ளுவண்டிக்குக் காவல்.

வெள்ளிக்கிழமை.

நேற்று அதோடு நிறுத்தினேன். இன்றைக்கு எழுத வேண்டியது வேறு, அதை எப்படி எழுதுவது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் ரொட்டி, ஜிப் என்று வளவளத்தேன் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. சிக்னெ டியூட்டி முடிந்து பிள்ளையை எடுத்துப் போக வந்தாள், வாசலில் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுத்ததைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கெர்டா தரையில் ஏதோ ஒரு திருகாணியைக் கண்டுபிடித்து வாயில் போடப் போனாள், நான் பாய்ந்து பிடுங்கினேன். கோபத்தில் என்னை நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, ஃபா என்றாள். திரும்பவும் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, ஃபா. உன் அம்மா கையிலிருந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைதட்டினாள், கேட்டீங்களா, ஃபாஃபா சொல்றா, தாத்தாவைக் கூப்பிடுறா, முதல் வார்த்தை என்று வீடே அதிர.

நம் பாஷையில் அப்பனுக்கு ஒரு ஃபா, அப்பனைப் பெற்றவனுக்கு இரண்டு ஃபா. நம் ஆட்கள் எத்தனை தலைமுறையாக இப்படிச் சொல்கிறார்களோ, ஒரு வயசுப் பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டால் அது யாருக்குச் சேரும் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. சிக்னெ ஒரு காலில் பூட்ஸோடு அப்படியே நின்றாள். அப்புறம் சிரித்தபடி, ஆமா ஆமா, ஃபாஃபால பாதி என்றாள். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆஸ்பத்திரி மருந்து வாடை என்றாள், நானும் சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து உன் அம்மா என்னை விடுவதில்லை. குழந்தை முன்னாடி உட்கார்ந்து ஃபாஃபா ஃபாஃபான்னு சொல்லிக் குடு, மீதிப் பாதியும் வந்துடும் என்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? நான் சொல்லிக் கொடுத்தால் அந்த வார்த்தை எனக்கு என்று பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம். என்னுடையது இரண்டு ஃபா, எனக்கு அவசரமில்லை, அவள் வாய் பழகினபிறகு மெதுவாக வரட்டும். அந்த முதல் ஃபா உன்னுடையது, அதை வேறு யார் மேலேயும் ஒட்டவிடக் கூடாது என்று நான் ஒரு காரியம் செய்தேன். போனும் போய்விட்டது, உன் முகத்தைக் காட்ட வழியில்லை, போன் இருந்தபோதும் அவள் அதில் உன்னைப் பார்க்கவில்லை, திரையை நக்கினாள், அப்புறம் பின்பக்கம் திருப்பி யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று தேடினாள். அதனால் அவளைத் தூக்கிக்கொண்டு நடைக்குப் போனேன். அங்கே ஆணியில் உன் மஞ்சள் மழைக்கோட்டு தொங்குகிறது இல்லையா, அதைத் தொட்டுக் காட்டி, இது ஃபாவோடது, ஃபா என்றேன். தினமும் சொன்னேன். புத்திசாலிப் பிள்ளை, பிடித்துக்கொண்டாள்.

ரொம்ப நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இப்போது காலையில் சிக்னெ கொண்டுவந்து இறக்கிவிட்டதும் முதல் வேலையாக நடைக்குத் தவழ்ந்து போகிறாள், கோட்டின் கையைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், அந்த வெறும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஃபா, ஃபா என்று அதோடு பேசுகிறாள். பட்டனைச் சப்புகிறாள். நான் உன்னைப் பற்றித்தான் சொல்லிக் கொடுக்க நினைத்தேன், இந்த வீட்டில் ஒரு மழைக்கோட்டுக்கு அப்பா என்று பேர் வைத்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் கோட்டின் கையை விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் எதையும் பிடிக்காமல் நின்றாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள், ஆனால் இன்றைக்கோ நாளைக்கோ நடந்துவிடுவாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் களைத்துப்போய்விட்டேன் என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. களைத்துத்தான் போயிருக்கிறேன், முதுகு ஒடிந்துவிட்டது, முட்டி மடங்க மறுக்கிறது, சாப்பாட்டு மேஜையில் தூங்கிவிடுகிறேன், ஆனால் நீ இலையுதிர்காலம் வரை இருந்தாலும் திட்டிக்கொண்டே நான் பார்த்துக்கொள்வேன், அது உனக்கே தெரியும். எனக்கு உன் மேல்தான் ஆத்திரம். போர்வையில் கிடக்கிற ஒரு பிள்ளையை மனசில் வைத்துக்கொண்டு நீ கணக்குப் போடுகிறாய். அந்தப் பிள்ளை இப்போது இல்லை. சொந்த வீடு வாங்கத்தான் போனாய், நல்லது, வீடு எங்கேயும் ஓடிவிடாது. இவள் ஓடுகிறாள், நான் தினமும் பின்னால் ஓடிப் பார்த்துச் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே. ஈஸ்டருக்கு வா. நீங்க தலையிடாதீங்க என்று உன் அம்மா திட்டுவாள், சிக்னெ நான் இப்படி எழுதினேன் என்று தெரிந்தால் வருத்தப்படுவாள், இரண்டு பேரிடமும் காட்டாமல்தான் ஒட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா பின்னின காலுறையை வேலைக்குப் போடு, பெட்டியில் வைத்திருக்காதே. பாறையில் வெடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போகாதே. கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நீ வருகிற அன்று விமான நிலையத்துக்கு அந்த மஞ்சள் மழைக்கோட்டைக் கொண்டு வருகிறேன். வெயில் கொளுத்தினாலும் பரவாயில்லை, பட்டன் எல்லாம் போட்டு மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு உன்னை அடையாளம் தெரியாது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் ஃபா
(அவளுக்கு இரண்டு தடவை)