கொதிக்க வைத்தால் ருசி போய்விடுமாம்

என் அருமை மாப்பிள்ளை செல்வராசு,

நீ போன பிறகு நம் ஊருணியில் யாரும் தண்ணீர் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தவறு. வாந்திபேதியோடு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், திருமயம் தாண்டுவதற்குள் நீ அடங்கிவிட்டாய். உன் காரியத்துக்கு வந்தவர்களுக்கும் அதே தண்ணீரைத்தான் மொண்டு கொடுத்தார்கள்.

மழையில் மேலத்தெருக் கழிவுத்தொட்டி நிரம்பி ஊருணிக்குள் இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் ஊருணியைச் சாமியாக நினைத்து, செருப்புக் காலோடு படியில் இறங்காத ஊர் அல்லவா? குடத்தில் தேத்தாங்கொட்டையை உரசினார்கள், தண்ணீர் தெளிந்தது. தெளிந்தால் சுத்தம், அவ்வளவுதான்.

நாளை திருவிழா. பானகத்துக்கு அந்தத் தண்ணீர்தான். அதனால் இன்று காலை, விலங்கியல் நடத்திய காலத்தில் வாங்கிய மைக்ராஸ்கோப்பைக் கோயில் வாசலுக்குத் தூக்கிப் போனேன். நான் வகுப்பில் சொல்லும் கதையைக் கேலி செய்வாயே: ஹாலந்துத் துணி வியாபாரி ஒருவர், தானே தேய்த்த கண்ணாடி வில்லையில் தண்ணீருக்குள் நீந்தும் சிற்றுயிர்களைக் கண்டார், பிறர் நம்பத் தயங்கவே, பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சாட்சி வாங்கினார். நானும் அதையே செய்தேன்.

ஊர்த் தலைவரான அம்பலம் குனிந்து பார்த்தார். "அடேயப்பா, என்னமோ நெளியுது. இதான் ஒங்க மாப்பிள்ளையக் கொன்னுச்சா, சார்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லைங்க. இது ஒண்ணும் செய்யாது. கொல்றது இதவிடப் பொடிசு. என் கருவியில அடையாளம் தெரியாது."

"தெரியிறது கொல்லாது, கொல்றது தெரியாது. நல்லாருக்கு சார் ஒங்க பாடம்."

சிரித்தார்கள். காய்ச்சியாவது ஊற்றுங்கள் என்றேன். கொதிக்க வைத்தால் ருசி போய்விடுமாம். நீயும் சொல்வாயே, "காய்ச்சுன தண்ணி காய்ச்சக்காரனுக்கு, மச்சான்" என்று.

அந்த வியாபாரி பார்த்ததற்கும், அத்தகைய உயிர்கள் நோய் தரும் என்று உலகம் ஒப்புக்கொண்டதற்கும் நடுவே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். இடையில் செத்தவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமோ? இன்னும் தெரியவில்லை, மாப்பிள்ளை.

உன் அக்காளிடம் நடந்ததைச் சொன்னேன். பரணிலிருந்து எங்கள் கல்யாண அண்டாவை இறக்கச் சொல்லி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

விடிந்ததும் அண்டாவையும் விறகையும் பந்தலுக்குக் கொண்டுபோகிறோம். யாராவது சத்தம் போட்டால் நான் திரும்பி வந்துவிடக்கூடியவன், உனக்குத் தெரியும். ஆனால் அவளும் கூட வருகிறாள். தண்ணீர் கொதித்துப் பொங்கும்வரை அடுப்பைவிட்டு நகரமாட்டேன்.

உன் அக்காளைக் கட்டிய
மச்சான்