தட்டின் ஓரம்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் கணினித் திரையில் இரண்டாவது லென்ஸ் முதல் லென்ஸுக்குள் புகுந்து நிற்கிறது. கண்ணாடிக்குள் கண்ணாடி! லென்ஸ் வடிவமைக்கிற இந்த மென்பொருளுக்கு வெட்கமே கிடையாது. பிழை குறைந்துவிட்டது என்று பச்சை எழுத்தில் வேறு பீற்றிக்கொள்கிறது. உலகத்தில் எவனாலும் செய்ய முடியாத லென்ஸ் அது என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. நடுவில் இடைவெளி விட வேண்டும் என்று நான் சொல்லவில்லையாம். இதையெல்லாமா சொல்ல வேண்டும்?

சொன்னேன். இடைவெளி விட்டுவிட்டு, லென்ஸின் விளிம்பைக் காகிதத்தை விட மெல்லிசாக்கி வைத்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

ஹட்டன் ஆபீசிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தால், அண்ணி தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கும் ரெண்டு கிலோ வெட்டிட்டாங்க புள்ள. பூரா பிஞ்சுக் கொழுந்து! ஒன் மெசினுக்கு என்ன கண்ணு அவிஞ்சு போச்சா?"

என் மெசின் இல்லை. அதிலிருப்பது நான் செய்த லென்ஸும் இல்லை, கடையில் வாங்கியது. கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் எடை போட்டு முடிந்ததும் ஒவ்வொருவருடைய கொழுந்தையும் தட்டில் பரப்பி மேலிருந்து படம் எடுக்கிறார்கள். முத்தின இலை எவ்வளவு என்று கணினி சொல்லும். அவ்வளவும் எடையில் வெட்டு. தட்டின் நடுவில் கிடப்பது நன்றாகத் தெரிகிறது, ஓரத்தில் கிடப்பது மங்கல். மங்கலாகத் தெரிவதையெல்லாம் முத்தல் என்று எழுதிவிடுகிறது. அதற்காகத்தான் எங்கள் முதலாளி அன்ஸார் சார் சொந்தமாக ஒரு லென்ஸ் வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணியிடம் எத்தனை தடவைதான் சொல்வது?

"அப்ப சீக்கிரம் செஞ்சு முடியேன்." சோறு வடிக்கிற வேலையா இது?

ஜூன் 13, வெள்ளி

எங்கேயோ மரம் விழுந்து ஹட்டன் முழுக்கக் கரண்ட் இல்லை. காலையிலிருந்து கணினியில் ஓடிய கணக்கெல்லாம் போச்சு. சேமிக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்கணும்.

ஜூன் 17, செவ்வாய்

பக்கத்துக் காம்பரா வீட்டு லெட்சுமி அக்கா, கால் உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினார். லென்ஸ் வேலைதானே செய்கிறேனாம். நான் செய்வது வேறு என்றேன். "படிச்ச புள்ளைக்கு ரெண்டு நிமிசம் இல்லியா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். கடைசியில் நூல் சுற்றிக் கொடுத்தேன். இந்த மாதம் நான் உருப்படியாக முடித்த ஒரே வேலை இதுதான்.

ஜூன் 20, வெள்ளி

பிழை எண் திடீரென்று பாதியானது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். படம் எப்படி வரும் என்று ஓட்டிப் பார்த்தால் ஓரமெல்லாம் இருட்டு. மங்கலைக் குறை என்றால், ஓரத்துக்குப் போகிற வெளிச்சத்தையே வெட்டி எறிந்திருக்கிறது! ஒன்றுமே தெரியாவிட்டால் பிழையும் இல்லைதானே. திருட்டுப் பயல்.

அன்ஸார் சார் எட்டிப் பார்த்தார். "இது போதுமே. முக்காவாசிக் கொழுந்து நடுவுலதானே கெடக்குது?"

"ஓரத்துல கெடக்குறதும் அவங்க பறிச்சதுதானே சார்?"

கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "சரி, செய்ங்க. ஆனா ஜூலை நடுவுல கண்ணாடி வெட்டக் குடுத்தாகணும். தாமதமானா தோட்டத்துல இந்தப் பழைய லென்ஸையே வச்சுக்குவாங்க."

பழைய லென்ஸே நிலைத்தால் வெட்டும் நிலைத்துவிடும். அண்ணிக்கு மட்டுமா, மலையில் நிற்கிற அத்தனை பேருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

நடுவுக்கு எவ்வளவு முக்கியமோ அதே அளவு ஓரத்துக்கும் என்று எழுதினேன். நடுவும் கெட்டது. விட்டுவிடலாம் போல இருக்கிறது. இத்தனை நாள் ஒரு குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன் போல. எதை எப்படி மாற்றினாலும் அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எல்லாவற்றையும் அழித்தேன். மூன்று கண்ணாடிக்குப் பதில் நான்கு. முதலிலிருந்து.

ஜூலை 10, வியாழன்

வந்துருச்சு! ஓரம் வரைக்கும்! இரண்டு தடவை சரிபார்த்தேன். லென்ஸ் எதுவும் எதற்குள்ளும் புகவில்லை, விளிம்பு தடிப்பு, வெளிச்சம் சரி. நாலாவது கண்ணாடியின் செலவைப் பார்த்ததும் அன்ஸார் சார் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முழித்தார். ஆனாலும் சரி என்றுவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

மடுவத்தில் புது லென்ஸை மாட்டினோம். தட்டின் மூலை வரை இலை நரம்பு தெரிகிறது. அண்ணிக்கு இன்று வெட்டே இல்லை. ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்துத் தந்தார். காரத்தில் கண்ணீர் வந்தது. காரத்தில் மட்டும் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

சந்தோசம் ஒரு வாரம்தான். அண்ணிக்கு இப்போது பறிக்கக் கொடுத்திருப்பது கிழட்டுச் செடி நிற்கிற மலையாம், கொழுந்தே இல்லையாம்.

"கிலோ கொறஞ்சா அரைப்பேருதான், பாதிச் சம்பளம். நாலு முத்தல் சேத்துத்தான் ஆகணும். கணக்கப்பிள்ளைன்னா ரெண்டு சத்தம் போட்டா விட்ருவாரு. ஒன் கேமராகிட்ட என்னத்தச் சத்தம் போட?"

முத்தலை முத்தல் என்று சொல்வது லென்ஸின் குற்றமா அண்ணி என்று கேட்டேன். அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் அன்ஸார் சார் கூப்பிட்டார். திரையில் நேற்றைய படம் ஒன்று. லெட்சுமி அக்காவின் தட்டு. கீழ் விளிம்பில் அவருடைய இரண்டு கைகளும் காலிச் சாக்கைப் பிடித்திருக்கின்றன. வலது ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கை. படம் எடுப்பதற்குள் முத்தின இலைகளை அள்ளிவிடப் பார்த்திருக்கிறது. கொஞ்சம் பிந்திவிட்டது.

"தோட்டத்துச் சின்னதொரை அனுப்பியிருக்காரு. அந்தம்மா தெரியாதுன்னு சாதிக்குதாம். கை யாருதுன்னு தெரிஞ்சா வேலைய விட்டே நிப்பாட்டிருவாராம். நீங்க அந்தத் தோட்டந்தானே, பாருங்க."

பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தில் ஊதாப் பூச்சு, பாதி உரிந்து. போன ஞாயிறு பொழுது போகாமல் அண்ணிக்கு நான்தான் பூசிவிட்டேன். நகத்துக்குள் ஏறிய கொழுந்துக் கறை வரை தெரிகிறது. அடிப்பாவி, இந்த ஓரத்துக்காகவா நான் அந்தப் பாடு பட்டேன்!

"தெரியல சார். ஓரம் கொஞ்சம் மங்கலா இருக்கு."

சார் படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிகிற நகம் அவருக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்?

"மங்கலாத்தான் இருக்கு," என்று படத்தை மூடினார். "ஓரம் இன்னும் சரியா வரலன்னு சொல்லிர்றேன். நீங்க மறுபடி ஓடவிடுங்க."

அப்போதிலிருந்து மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. பிழை எண் அசையவே இல்லை. இனிமேல் குறைய அதில் ஒன்றும் இல்லை.