அப்பா வாங்கிய நட்சத்திரங்கள்

என் அன்பு மனைவிக்கு,

நானும் பாப்பாவும் நலம். அந்த ஊரில் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நடுவில் நீ வேளைக்குச் சாப்பிடு. போனில் உன் குரல் கேட்டாலே எனக்குப் பொய்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று பேச்சுப் பயிற்சி டீச்சர் போனில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டு இருக்கிறதே, சொல்லைக் கேட்டுச் சரியான படத்தைத் தொட்டால் நட்சத்திரம் கிடைக்குமே, அதில் மூன்று மாதமாக உன் போனுக்கு வந்த நட்சத்திரம் அத்தனையும் நான் வாங்கியது.

முதல் வாரம் அவள் படத்தைத் தொடவேயில்லை. "இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று நீ கேட்டது தாங்கவில்லை. மறுநாள் தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்த கையோடு நானே ஐந்தாறு தொட்டேன். அன்றைக்கு நீ சிரித்தாய். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. சந்தேகம் வரக்கூடாதென்று நடுநடுவே தப்பாகவும் தொட்டேன். "பூனை எங்கேன்னா வாளியைத் தொட்டிருக்கா கள்ளி!" என்று கொஞ்சினாயே, அந்தக் கழுதை நான்தான்.

நட்சத்திரங்களைப் பார்த்து டீச்சர் அவளைப் பெரிய வகுப்பில் போட்டார். பாவம், இரண்டு வாரம் காதைப் பொத்திக்கொண்டு கையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு காலரைத் தப்பாக வெட்டிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மேஜைக்கடியில் நூல்கண்டு உருட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து என் விரலைப் பிடித்தாள். "பரவாயில்லை, இன்னொரு முறை பார்க்கலாம்" என்றாள். தப்பாகத் தொட்டால் அந்த விளையாட்டு சொல்லுமே, அதே ராகம். ஏழு வயதில் அவளுடைய முதல் முழு வாக்கியம்! இத்தனை நாளும் மேஜைக்கடியில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான்தான் அவளைப் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை.

மறுநாளே டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். "மூணு மாசம் போச்சே சார்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பழைய வகுப்பிலேயே மறுபடி சேர்த்துக்கொண்டார்.

இப்போது தினமும் அவளை மடியில் வைத்துக்கொண்டு விளையாடுகிறேன். என் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். இனி உனக்கு நட்சத்திரம் ஒன்றோ இரண்டோதான் வரும். ஒன்றுமே வராமலும் போகும். எது வந்தாலும் அது அவளுடையது. குரல் இறங்காமல் அவளைக் கொஞ்சு.

என்னோடு பேசப் பிடிக்காவிட்டாலும் தினமும் கூப்பிடு. போனை அவள் காதில் வைத்துவிட்டு நான் வாசலில் போய் நிற்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அப்பா