கடலைக் கொல்லையில் உங்கள் சட்டை

பாவா,

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் டிரைவர் பிரேக் போட்டதில் தலை கம்பியில் இடித்துக் கண் திறந்தது. எதிரே ஒரு வேர்க்கடலைக் கொல்லை. அதன் நடுவில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

நீலக் கட்டம் போட்ட அதே அரைக்கைச் சட்டை. மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம். அது உதிர்ந்து, அக்கா கையில் கிடைத்த பொத்தானை வைத்துத் தைத்ததற்கு நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. பஸ் நகர்ந்தபோது தலையும் தெரிந்தது. மொட்டைத் தலை, அதில் ஈரம் காயாத சந்தனம். அப்போதுதான் அது நம் கடைப் பொம்மை என்று புரிந்தது. மூச்சு வந்தது, பயம் போகவில்லை. பொம்மை அந்தக் கொல்லைக்குப் போனது எனக்குத் தெரியும். உங்கள் சட்டை எப்படிப் போனது? சந்தனத்தைப் பூசியது யார்? நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் அக்காவைக் கட்டிய மறுவாரமே என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டீர்கள். திருத்தணி மலையடிவாரத்தில் நம் ரெடிமேட் கடை இருந்த இடம் அப்படி. மொட்டை போட்டு, குளத்தில் முழுகி, தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு வருகிறவர்கள் பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுக்காமல் திருத்தணியை விட்டுப் போகமாட்டார்கள். கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஆண் பொம்மை. சென்னையில் அதை வாங்கியபோது டோப்பாவுக்குத் தனிக் காசு என்றார்களாம், நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள். வருகிற ஆட்கள் எல்லாம், உங்கள் பொம்மையும் முடி கொடுத்துவிட்டதா என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் அதைப் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நகரிப் பக்கத்துக் குழந்தை ஒன்று தன் மொட்டையைத் தடவித் தடவி அழுதது. நீங்கள் அதன் அம்மாவிடம் கொஞ்சம் சந்தனம் வாங்கிப் பொம்மையின் தலையில் பூசி, பார், மாமாவுக்கும் மொட்டை என்று தெலுங்கில் சமாதானம் சொன்னீர்கள். குழந்தை அடங்கிவிட்டது. நீங்கள் அடங்கவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சட்டை மாற்றுவதும் சந்தனம் பூசுவதும் உங்கள் வேலை. என்னைத் தொட விடமாட்டீர்கள். உங்கள் உடம்பும் அதன் உடம்பும் ஒரே அளவு. புதுச் சரக்கு வந்தால் முதலில் நீங்கள் போட்டுப் பார்ப்பீர்கள், பிறகு அது போட்டுக்கொள்ளும். அதைக் கிண்டல் செய்தால், "நாள் பூரா நிக்கறவன்டா அவன், நம்மள மாதிரி" என்பீர்கள்.

கடை ஒரே நாளில் நொடிந்துவிடவில்லை. வேன்கள் நேராக மலைமேல் ஏறி, நேராக இறங்கி ஊருக்குப் போக ஆரம்பித்தன. கடைசி வருஷம் ஒரு பையன் ஏழெட்டுச் சட்டையைப் போட்டுப் பார்த்தான், பிடித்ததைப் படம் எடுத்தான், நம் கடைக்குள் நின்றே அதைப் போனில் ஆர்டர் போட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், வெய்யிலாக இருக்கிறது என்று நீங்கள் அவனுக்கு மோர் கொடுத்தீர்கள். அந்த மோரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். தரையெல்லாம் வெளுத்துப்போக, பொம்மை நின்ற இடம் மட்டும் கருப்பாக வட்டமாக இருக்கிறது. புதுக் கடைக்காரர் அதன்மேல் எதையும் வைப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். வைக்கத் தோன்றவில்லை என்றார்.

கடையை மூடியபோது, நம்மிடம் பொங்கலுக்குப் பொங்கல் துணி எடுத்த அந்தக் கொல்லைக்கார விவசாயிதான், கடலையைக் காட்டுப்பன்றி தோண்டுகிறது, பொம்மையைக் கொடுங்கள் என்று கேட்டார். ஷேர் ஆட்டோவில் அதை நிறுத்த முடியாமல் படுக்கவைத்து, மேலே ஒரு வேட்டியைப் போர்த்தி, நாம் இருவரும் கொண்டுபோனோம். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எதிரில் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உங்களைப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அவரைத் திருப்பிக் கும்பிட்டீர்கள். அடுத்த வருஷம் உங்களுக்கே அந்த ஊர்வலம் வந்தது.

நீங்கள் போன பிறகு அக்கா உங்கள் துணிகளை யாருக்கும் கொடுக்க விடவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவும் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விடியற்காலையில் எங்கேயோ போய்விட்டு வந்து ஒரு வாய் அதிகம் சாப்பிடுவாள். கோயிலுக்குத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பெங்களூரில் இருக்கும் உங்கள் மகன் போனில் என்னிடம் கெஞ்சினான். அவள் அவனோடு போனால் பிழைத்துக்கொள்வாள், இங்கேயே இருந்தால் உங்கள் பின்னாலேயே வந்துவிடுவாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அவளோ, உங்களைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஒரே பதிலைச் சொன்னாள். வீட்டைச் சொல்கிறாள் என்று நினைத்தோம்.

பஸ்ஸிலிருந்து உங்கள் சட்டையைப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கித் திரும்பி நடந்தேன். அந்த விவசாயியின் மனைவி களை எடுத்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பற்றிக் கேட்டதும், "நாங்க அத தொடறதே இல்லைங்க. அந்தம்மா மொத பஸ்ல வந்து மாத்திட்டுப் போறாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சும்மா சொல்லக்கூடாது, பன்னி இந்தப் பக்கமே வர்றதில்ல. நாய் கூட வரப்பு மேலயே நின்னுகினு குலைக்குது" என்றார்.

பொம்மையைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து, சோம்பலில் இரண்டாவதைத்தான் பிடித்தேன். அக்கா எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். வரப்பில் உட்கார்ந்து அவள் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். பால்காரர் மாறியது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது, எல்லாம். ஒவ்வொன்றும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள். பதில் கேட்கிற நேரம் அது. ஒரு தடவை நிறுத்தியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வீட்டில் உங்கள் கிண்டலுக்குச் சிரிப்பதுபோல. எனக்கு எதுவும் கேட்கவில்லை, பாவா. ஆனால் நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

நான் வெளியே வந்ததும் அவள் பதறவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்றுதானே பார்க்கிறாய் என்றாள்.

"பொம்மன்னு எனக்குத் தெரியாதா? வூட்டு போட்டோல அவரு மாலை போட்டுகினு இருக்காரு. அதப் பாத்தா செத்தவருன்னுதான் தோணுது. இங்க நின்னுகினு இருக்காரு. கடைல நிப்பாரே, அந்த மாதிரி."

பையிலிருந்து உங்கள் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள். தோள்பட்டையில் துணி இற்று, கையோடு கிழிந்து வந்தது. அவள் அந்தக் கிழிசலை விரலால் நீவிப் பார்த்தாள்.

"எல்லாம் வெயில்ல போயிடுச்சுடா. இதான் கடைசி. உன்னுத ஒண்ணு குடு."

உயிரோடு இருக்கிறவனுடைய சட்டை அது. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் கையை நீட்டிக்கொண்டு நின்றவள் என் அக்கா. போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றேன். அவள் பொம்மைக்கு அதை மாட்டினாள். உங்கள் அளவு அதற்கு, உங்களைவிடப் பெருத்தவனான என் சட்டை தொளதொள என்று தொங்கியது. பொத்தான் எல்லாம் போட்டு முடித்து, இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது அவரு இல்லடா. நீ."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள், நீங்கள் போன பிறகு முதல்முறையாக. எல்லாரும் பனியன் போட்ட என்னைப் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதமே மகனோடு பெங்களூர் போய்விட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாளாம். போன் செய்தால் மருமகளின் குழம்பைக் குறை சொல்கிறாள். அவள் பிழைத்துவிட்டாள், பாவா. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் நான் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இருப்பதில்லை. அக்கா போன வாரமே மனசு கேட்கவில்லை. என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் வெய்யிலிலும் மழையிலும் நிற்கும்போது நான் எப்படி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிப்பது? முதல் பஸ்ஸில் போகிறேன். சட்டையை மாற்றி, சந்தனம் பூசிவிட்டு வருகிறேன். பேசுவதில்லை. எதிரில் நிற்பவனிடம் என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

முதலில் தொங்கிய சட்டை இப்போதெல்லாம் தொங்குவதில்லை. போன வாரம் தோள், மார்பு, கை, எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் உங்களிடம் தொழில் கற்றவன் நான், அந்தத் துணி சுருங்கவே சுருங்காது என்பது எனக்குத் தெரியும்.

வீட்டில் என் மனைவி, சட்டையெல்லாம் எங்கே போகிறது என்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள். இஸ்திரிக்குப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அலமாரியில் இன்னும் கொஞ்சம் சட்டைகள் இருக்கின்றன, பாவா.