மதகுக்கு ஒருத்தன் மட்டும்

கீழவாய்க்கரை,
8-10-1972, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு அமிர்தம் எழுதுவது.

நானும் குழந்தையும் சுகம். மில்லில் ராத்திரி ஷிப்டை மாற்றினார்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. தண்ணீர்தான் நம் கடைமடைக்கு வந்து சேருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதறாமல் படியுங்கள்.

போன மாதம் பண்ணையார் சிங்காரவேலுவின் காரியக்காரர் தங்கையன் நம் வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடைத்துவிட்டார். உங்கள் தம்பி கலியபெருமாள் போய் வெட்டிவிட்டான். பேச்சு முற்றி, மண்வெட்டிக் காம்பால் தங்கையன் முழங்கையில் ஓர் அடி. எலும்பு முறியவில்லை, வீங்கிப்போனது. போலீசில் எழுதிக்கொடுத்தார்கள். குத்தகைச் சட்டம் வந்ததும் நம் தெருக்காரர்களையெல்லாம் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப்போய்ப் பெயரைப் பதியவைத்தவன் தம்பிதானே. பண்ணையார் அன்றிலிருந்தே காத்திருந்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நீங்கள் மெட்ராஸ் போன பிறகு இங்கே சமரச சபை என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூடுகிறது. வக்கீல் வேண்டாம், காலணா செலவில்லை. வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்தது, சின்ன அடிதடி எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கிறார்கள். ஜவுளிக்கடை ஹபீப் முகம்மது பாயும் ஞானாம்பாள் டீச்சரும் நடுவில் இருக்கிறார்கள். இரண்டு பேரும் மனசில் கள்ளமில்லாதவர்கள். அவர்கள் சொல்லித்தான் தம்பி அங்கே போனான். நானும் போனேன்.

பண்ணையார் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். எல்லோரோடும் அதே பாயில் உட்கார்ந்தார். “சின்ன வயசு, கோவத்துல அடிச்சிட்டான். கம்ப்ளைண்ட்ட நிறுத்தி வைக்கச் சொல்றேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை விடியக்காலத் தண்ணி அவனுக்கே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கூட்டம் சேர்ந்தாத்தான் சண்டை வருது. மதகுக்கு அவன் ஒருத்தன் வரட்டும், என் ஆள் ஒருத்தன் வரட்டும்” என்றார். டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தம்பி எழுந்து தங்கையனிடம் மன்னிப்புக் கேட்டான். எனக்கும் சந்தோஷம்தான் அத்தான். வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன்.

மறுநாள் குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தங்கையன் பெண்டாட்டி எல்லையம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தாமல், “அக்கா, மதகுக்கு எங்க வீட்டுக்காரரு போகலை. வெளியூரு ஆளைக் கொண்டாந்து வச்சிருக்காங்க” என்றாள். எதற்கு என்று கேட்டேன். துணியைப் பிழியாமலே அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை தம்பி புறப்பட்டதும், நான் அம்சத்தையும் மற்ற நடவுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். தாழம்புதர் ஓரம் அந்த ஆள் நின்றிருந்தான். தண்ணீர் காவலுக்கு வந்தவன் கையில் மண்வெட்டி இல்லை. வலது கையைத் தோள்துண்டுக்குள் வைத்திருந்தான், கடைசிவரை வெளியே எடுக்கவில்லை. எங்களைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். வரப்போடு நடந்து போய்விட்டான். நம் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

நேற்று பண்ணையார் சபைக்காரர்களிடம் புகார் சொல்லிவிட்டார். கூட்டம் சேர்த்து ஒப்பந்தத்தை மீறியது நாங்கள்தானாம். பாய் வந்து வருத்தத்தோடு கேட்டார். பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. உடனே டீச்சரையும் அழைத்துக்கொண்டு பண்ணைவீட்டுக்குப் போனார். அந்த நிபந்தனையை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் தங்கையனையாவது அனுப்பவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பண்ணையார் காபி கொடுத்து உபசரித்து, “யாரை அனுப்பறதுன்னு சபையில பேசலையே பாய்” என்று சிரித்தாராம். மறுபடி கூட்டம் வந்தால் கம்ப்ளைண்ட் நடக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த பாய் வாசலிலேயே நின்று இதைச் சொன்னார். “நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சோம்” என்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

கேஸ் நடந்தால் நடக்கட்டும், ஜெயிலில் இருந்தாலும் உயிரோடு இருப்பாய் என்று தம்பியிடம் சொல்லிப்பார்த்தேன். “பொம்பளைங்க பின்னால ஒளிஞ்சு தண்ணி பாய்ச்சினேன்னு டீக்கடையில சிரிக்கிறாங்க அண்ணி. சபையில ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான். இந்தத் தடவை தனியாத்தான் போவேன்” என்கிறான். நான் பின்னால் வந்தால் இந்த வீட்டில் இனிமேல் கை நனைக்கமாட்டானாம். அந்த ஆள் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. இன்று காலையில் அம்சத்தின் மகளிடம் நம் வீடு எது என்று விசாரித்திருக்கிறான்.

தம்பி உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பான். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவன் பெயருக்குத் தந்தி அடியுங்கள். உங்களுக்கு உடம்பு மோசம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வா என்று அடியுங்கள். அப்படி ஒரு சொல்லை நானே கேட்டு வாங்குவது என் தாலிக்கு ஆகாது என்று தெரியும். இருந்தாலும் அடியுங்கள். வியாழக்கிழமை அவன் ரயில் ஏறிவிடவேண்டும். வெள்ளிக்கிழமைத் தண்ணீர் போனால் போகட்டும். பயிர் காய்ந்தாலும் காயட்டும்.

அங்கே வந்து உங்களை நல்லபடியாகப் பார்த்ததும், ஏமாற்றிவிட்டீர்களே என்று கோபித்துக்கொள்வான். என்னைத் திட்டுவான். திட்டட்டும் அத்தான். பக்கத்தில் உட்காரவைத்து அவனுக்கு வயிறு நிறையச் சோறு போடுங்கள்.

மாரியம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருக்கவேண்டும்.

தந்தியை எதிர்பார்த்து வாசலிலேயே இருக்கும்,
அமிர்தம்