கண்ணாடிக்குள் அந்தோனியாரும், வெளியே உங்கள் பெயரும்

என் உயிரான அப்பா,

நீங்கள் போன பிறகு இரண்டு ஜூன் திருவிழாக்கள் வந்து போய்விட்டன. நல்ல செய்தி ஒன்று கிடைத்ததும் உங்களுக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அது கிடைக்கவில்லை. இருக்கிற செய்தியையே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்கப்போவதற்குப் பதில். அந்தோனியார் நன்றாக இருக்கிறார். நம் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்துக் கோயிலில் இருந்து அவரை இறக்கியபோது மரச்சிலையின் அடிப்பலகை தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, ஞாபகம் இருக்கிறதா? காற்றே இல்லாத பையில் மூன்று வாரம் வைத்துப் பூச்சிகளைக் கொன்றோம். அங்கியின் மடிப்புகளில் இருந்த அழுக்கை மெல்லிய தூரிகையால் மாதக்கணக்கில் எடுத்தேன். குழந்தை இயேசுவின் உடைந்த மூக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். இல்லாததைச் செய்து ஒட்டக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி.

இந்த வேலை கிடைத்த அன்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சாமான் தூக்குறதுக்கா புள்ள இவ்வளவு படிச்ச?" அருங்காட்சியகத்தில் பொருள்களைத் தூக்கவும், துடைக்கவும், பூச்சியும் ஈரமும் அண்டாமல் காக்கவும் தனியாக ஆள் வைப்பார்கள் என்பதை நீங்கள் நம்பவே இல்லை. ஒரு மாதம் கழித்து லயம் முழுக்க "எம்மக சாமானுக்கு டாக்டர்" என்று நீங்களே சொல்லித் திரிந்தீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

டாக்டர் வேலை பார்க்கிற அறையை நீங்கள் பார்த்ததில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத களஞ்சியம். காலையில் உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்று சுவரில் இருக்கிற ஈரமானியைப் பார்த்துத்தான் ஊகிப்பேன். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். இப்போது ஒவ்வொரு தடவையும் பூட்டப்படுவது நான்தான் என்று தோன்றுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் போக வேண்டும்.

கோயில் கூரை ஒழுகி, சிலையைக் கறையான் பிடித்திருந்தது. எங்கள் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து தருகிறேன் என்று சொன்னது நான். லயத்து ஆட்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் சாவி உங்கள் கையில் இருந்தது, உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது. "திருவிழாவுக்கு முந்தி கொண்டாந்துருவோம், நான் பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கைத்தான் நீங்கள் அவர்களுக்குக் கொடுத்தீர்கள்.

ஒரு பொருள் எங்களிடம் வரும்போது இரண்டு விதமான படிவம் உண்டு. பழுது பார்க்கத் தற்காலிகமாக வாங்கினால் ஒன்று, அன்பளிப்பாக வாங்கினால் இன்னொன்று. தற்காலிகப் படிவம் எங்கள் பொறுப்பாளர் மேடமின் அலுமாரிக்குள் இருந்தது. மேடம் கொழும்புக்குப் போயிருந்தார், சாவியும் அவரோடு போய்விட்டது. என் பையில் இருந்தது அன்பளிப்புப் படிவம் மட்டும். மலையில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, இருட்டுமுன் வளைவுகளைத் தாண்ட வேண்டும் என்று லொறி டிரைவர் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை சரியான படிவத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"இது என்னா புள்ள, எல்லாம் சிங்களத்துல இருக்கு?" என்று கேட்டீர்கள்.

"சும்மா ஒரு ஃபோர்ம்தான்ப்பா. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, தொழிற்சாலைச் சம்பளப் புத்தகத்தில் போடுகிற மாதிரி நிதானமாக, அந்தோனிமுத்து சூசை என்று முழுப் பெயரையும் எழுதினீர்கள். கொடுப்பவர் என்ற இடத்துக்கு நேராக.

திங்கட்கிழமை நான் மாற்றவில்லை. மேடம் வந்தார், படிவத்தைப் பார்த்தார், பதிவேட்டில் ஏற்றினார், எண் கொடுத்தார். அந்த எண்ணைச் சிலையின் அடியில் எழுதியதும் நான்தான். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். என் நிரந்தர நியமனக் கடிதம் கையெழுத்துக்காக மேடமின் மேசையில் இருந்த நேரம் அது. பிழையான படிவம் கொடுத்தேன் என்று சொல்லப் பயந்தேன்.

இன்னொன்றும் உண்டு அப்பா, அதையும் சொல்லிவிடுகிறேன். அவரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போனால் நீங்கள் பழையபடி வருடா வருடம் தேங்காயெண்ணெய் தடவுவீர்கள், எல்லாரும் காணிக்கையாக மிளகும் உப்பும் போட்ட கையால் காலைத் தொடுவார்கள், கூரை மறுபடி ஒழுகும். இங்கே பத்திரமாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். காணாமல் போன மோதிரம், ஆடு எல்லாம் தேடிக் கொடுத்தவரை நானே காணாமல் போக்கினேன்.

நீங்கள் ஒவ்வொரு வருடமும் கேட்டீர்கள். "இன்னும் வேலை முடியலப்பா" என்றேன். கலண்டரில் இருந்த அந்தோனியார் படத்துக்குச் சட்டம் போட்டு, அதைச் சப்பரத்தில் வைத்துப் பவனி போனீர்கள். கடைசியாகப் படுத்திருந்தபோதும் "சாமி எப்ப வராரு?" என்றுதான் கேட்டீர்கள். "இந்த ஜூன்ல" என்றேன். தலையாட்டினீர்கள். உண்மையிலேயே நம்பினீர்களா, என்னை நோகடிக்க வேண்டாம் என்று விட்டீர்களா?

போன மாதம் புதிய காட்சிக்கூடம் திறந்தார்கள். அந்தோனியாரைக் களஞ்சியத்தில் இருந்து மேலே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது நானும் பாரூக் நானாவும். அவர் என்னோடு வேலை செய்பவர், எனக்கு அண்ணன் மாதிரி. மாத்தளை டவுன்காரர், முன்பு தச்சுவேலை பார்த்தவர். கனமான எதையும் நாங்கள் இரண்டு பேரும்தான் தூக்குவோம். அடிப்பலகையில் மட்டும் கை வைத்து, நான் எண்ணச் சொல்ல அவர் எண்ண, ஒரே மூச்சில் வைத்தோம். பிறகு மூன்று மொழியில் அச்சடித்த விபரப் பலகையை என்னிடம் தந்தார்கள். நேராக ஒட்டுவது என் வேலை.

கடைசி வரி தமிழில் இப்படி இருந்தது. அன்பளிப்பு: அ. சூசை, எல்கடுவ.

"என்ன தங்கச்சி, லெவல் சரியில்லையா?" என்று பாரூக் நானா கேட்டார்.

"சரியா இருக்கு நானா" என்றேன். ஒட்டினேன்.

மூன்று ஞாயிறுகளுக்கு முன் நம் லயத்து ஆட்கள் பதினைந்து பேர் பஸ் பிடித்து வந்தார்கள், சாமியைப் பார்க்க. சவரியம்மா பெரியம்மா எல்லாருக்கும் முன்னால். பாவம், அந்த முழங்காலோடு படியேறி வந்திருந்தார். கண்ணாடி முன்னால் எல்லாரும் முட்டி போட்டார்கள். காவலுக்கு நின்ற தம்பி சிங்களத்தில் "தொடாதீங்க, தொடாதீங்க" என்றான். சீருடையும் கையுறையுமாக நான் ஓரத்தில் நின்றேன். பெரியம்மா என்னைக் கண்டுகொண்டார்.

"புள்ள, நீதானே இங்க இருக்க. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தொறந்து விடு. ஒருக்கா காலத் தொட்டுக்கிறோம்."

"திறக்க முடியாது பெரியம்மா" என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

பிறகு அவர் பலகையைக் காட்டி, "அதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார். பின்னால் நின்ற யாரோ வாசித்தார்கள். உங்கள் பெயர் வந்ததும் வாசித்தவர் நிறுத்திவிட்டார்.

"சூசை அண்ணன் குடுத்துட்டாரா?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார். சத்தம் போடவில்லை. "நம்ம எல்லாரோட சாமிய அவரு எப்பிடிக் குடுப்பாரு?"

நான் குனிந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டேன் அப்பா. அவர்கள் போன பிறகு துணியும் தெளிப்பானும் எடுத்து வந்து கண்ணாடியைத் துடைத்தேன். உள்ளங்கைத் தடங்கள், நெற்றித் தடங்கள், அந்தோனியாரின் கால் இருக்கிற உயரத்தில் உதட்டுத் தடங்கள். எல்லாவற்றையும் துடைத்தேன். அதுவும் என் வேலைதான்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனேன். அம்மா தனியாகப் பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறார். மற்றப் பெண்கள் அவர் வரும்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்களாம். உங்கள் கல்லறையில் எப்போதும் யாராவது பூ வைப்பார்கள். இந்த முறை ஒன்றையும் காணவில்லை. இரவுச் சாப்பாட்டை என் முன்னால் வைத்துவிட்டு அம்மா கேட்டார், "அப்பா அப்பிடி செஞ்சிருப்பாரா மேரி?"

"தெரியாதும்மா" என்றேன்.

இத்தனை வருடத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் மோசமானது அந்த ஒரு வார்த்தை. ஜன்னல் இல்லாத அறையில் பகலெல்லாம் இருக்கிறேன், மலைக்குப் போனாலும் அதே அறைக்குள் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். அம்மாவுக்கு மருந்து வாங்குவது இந்த வேலையில்தான். சொல்லாவிட்டால், வாழ்நாளெல்லாம் பிறர் பொருளில் கை வைக்காத உங்களைச் சாமியைக் கொடுத்த மனிதன் என்று பேசுவார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "வேலையப் பாரு புள்ள" என்பீர்களோ? அப்படிச் சொல்லிவிடுவீர்கள் என்பதுதான் எனக்குப் பயம்.

திங்கட்கிழமை பலாபத்வல தேநீர்க் கடையில் பாரூக் நானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதிக் குடுத்தா உங்களுக்குக் கரைச்சல் வரும்தான். அத இல்லையெண்டு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா தங்கச்சி, நீங்க வாயத் தொறந்து பதில் சொல்லலாம். மவுத்தாப் போன வாப்பா வந்து சொல்ல ஏலாதே."

சிங்களத்தில் மூன்று பக்கம் எழுதி வியாழக்கிழமை மேடமிடம் கொடுத்தேன். படிவத்தை நிரப்பியது நான், உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியது நான், சிலை ஊருக்குச் சொந்தம் என்று எழுதினேன். மேடம் இரண்டு தடவை வாசித்தார். விசாரணை வரும், அதுவரை சிலை அசையாது, பதிவேட்டில் ஏறியதை இறக்க மேலிடத்து அனுமதி வேண்டும், வருடங்கள் ஆகலாம் என்றார். என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாவியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. விபரப் பலகையை மட்டும் இப்போதைக்குக் கழற்றி வைக்கச் சொன்னார்.

அன்றே கழற்றினேன். பசை மீதி இல்லாமல் துடைத்தும் விட்டேன். இப்போது உங்கள் பெயர் அங்கே இல்லை அப்பா.

மறுநாளும் கையுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன், இன்னும் போகிறேன். கதவு எனக்குப் பின்னால் பூட்டிக்கொள்கிறது. ஈரமானியைப் பார்க்கிறேன், எழுதுகிறேன். சிலையின் அடியில் இருக்கிற பதிவு எண்ணை நினைக்கிறேன். மரத்தின் மேல் ஒரு பூச்சு தடவி, அதன் மேல்தான் எண்ணை எழுதுவோம், என்றாவது அழிக்க வேண்டி வந்தால் மரத்துக்குக் காயம் இல்லாமல் எடுப்பதற்காக. எந்தத் திரவத்தில் போகும் என்றும் எனக்குத் தெரியும். அனுமதி வருகிற நாளில் அதை நானே எடுப்பேன். அந்த நாளில் நான் அங்கே வேலையில் இருப்பேனா என்று தெரியவில்லை.

அந்தோனியார் எப்போது வருவார் என்று இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். சொன்னதெல்லாம் போதும். உங்களுக்கு ஒரே ஒரு வாக்குத் தருகிறேன், இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், சாமி இல்லாத அந்தப் பீடத்துப் பக்கம் நின்று, சவரியம்மா பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: அப்பா கொடுக்கவில்லை, நான்தான் எழுதினேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு அம்மாவோடு பீலிக்குப் போவேன். யாராவது நகர்ந்து போவதென்றால் என்னைப் பார்த்து நகரட்டும்.

உங்கள் பெயரைக் கூடாத இடத்தில் எழுத வைத்த,
உங்கள் மகள்
மேரி