சித்தப்பாவின் குட்டையில் வெள்ளைப் புள்ளி

12 ஜூலை, சனிக்கிழமை

சித்தப்பாவின் இறால் குட்டையில் வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிட்டது. காலையில் குட்டை இருக்கும் திருவேட்டக்குடிக்குப் போனேன். செத்த இறால்கள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. சித்தப்பா கையில் மருந்துப் பொட்டலம். போன வருடம் பாக்டீரியா நோயிலிருந்து குட்டையைக் காப்பாற்றியது அதே மருந்துதான்.

“படிக்கிற புள்ள, நீ சொல்லு. எவ்வளவு போடலாம்?”

“இது வைரஸ், சித்தப்பா. அந்த மருந்து கேக்காது.”

“இதுவும் கிருமிதான?”

கரை மண்ணில் பாக்டீரியாவுக்கு ஒன்று, வைரஸுக்கு ஒன்று என்று இரண்டு வளையங்கள் வரைந்தேன். இரண்டிலும் மரபணுக்கள் உண்டு. பாக்டீரியா தன் வளையத்தைத் தானே படித்து வேலை செய்துகொள்ளும். மருந்து அந்த வேலையைத்தான் கெடுக்கும். வைரஸோ தன் வளையத்தை இறாலின் உடம்பைக் கொண்டே படிக்க வைத்துவிடும்.

“ஒரு தடவ போட்டுத்தான் பாப்பமே,” என்றார் சித்தி.

“புள்ள சொல்லுதுல்ல, விடு. மிச்சமும் சாகுறதுக்குள்ள இன்னைக்கே வலையப் போட்டு அள்ளிருவோம்,” என்றார் சித்தப்பா. அள்ளியதெல்லாம் விரல் நீளம்கூட இல்லை; நல்ல விலைக்குப் போகாது.

வீட்டுக்கு வந்து வைரஸ் பாடத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நான் சொன்னது சரிதான். தப்பு என்று எங்காவது ஒரு வரி இருக்காதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.